நான்காம் பக்கம்

நீதிமன்றத்தில் ஓர் ஆவணத்தைக் கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும். சாதகமான பக்கத்தை நீட்டிவிட்டு மற்றதை ஒளித்து வைப்பவரை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார். ஜூனியர்கள் என்னிடம் சேர்ந்ததும் நான் முதலில் சொல்லித் தரும் பாடம் இதுதான். அந்தப் பாடத்துக்கு எதிராக நானே மனுப் போட்டு, ஒரு மருத்துவ அறிக்கையின் நான்காம் பக்கத்தை மட்டும் எதிர்த்தரப்பின் கண்ணில் காட்டக் கூடாது என்று வாதாடிய வழக்கு ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் என் கட்சிக்காரரின் வழக்குக்குப் பாதகமாக எதுவும் இல்லை. வழக்கில் பெயரே இல்லாத ஒரு பெண்ணைத் தொட்ட செய்தி அதில் இருந்தது. அது தனக்குத் தெரிய வேண்டுமா என்று அவரை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

கட்சிக்காரர் திருவெறும்பூர்க்காரர். அப்போது அவருக்கு வயது 34. துவாக்குடி சிட்கோவில் பாய்லர் உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசர். அவருடைய அப்பா பெல் நிறுவனத்தில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு வித்தியாசம் பல வீடுகளை நடுவே பிரித்துப் போடும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கம்பெனி மருத்துவ வசதி ஆயுளுக்கும் உண்டு. அதே கம்பெனிக்காகப் பட்டறையில் உழைக்கும் வளர்ந்த மகனுக்கு அது இல்லை. அவர் சொந்தப் பணத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்து, ஆர்டர் குறைந்து சம்பளம் தள்ளிப்போன மாதங்களிலும் பிரீமியம் தவறாமல் கட்டி வந்தவர்.

2016 கடைசியில் பட்டறையிலேயே மயங்கி விழுந்தார். இதயச் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருப்பது எக்கோவில் தெரிந்தது. ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்கிறார்கள். ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. துடிப்பு திடீரென்று தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஐ.சி.டி. கருவியைத் தோள்பட்டைக்குக் கீழே பதித்தார்கள். பில் பல லட்சம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த பதில் இரண்டே வரி: இது மரபணுக் கோளாறு, பாலிசியின் விலக்குப் பிரிவில் வருகிறது, பணம் கிடையாது. கருவிக்காக அவர் மனைவியின் நகை அடகில் இருந்தது. திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் புகார் கொடுத்தோம்.

இப்படிக் கைவிடப்பட்டவர் அவர் ஒருவரல்ல. அதே நோய், அதே விலக்குப் பிரிவு, அதே இரண்டு வரி பதிலோடு டெல்லியில் ஒரு வழக்கு ஏற்கெனவே மேல்முறையீட்டில் இருந்தது. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் ஜெய் பிரகாஷ் தயால் என்பது அதன் பெயர். தயாலுக்கு 2004இலும் 2006இலும் சிகிச்சைப் பணம் கிடைத்திருந்தது. 2011இல் மட்டும் மரபணுக் கோளாறு என்று மறுத்தார்கள். அந்த வழக்கின் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டேதான் நான் இங்கே எங்கள் வாய்தாக்களை நடத்தினேன்.

என் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. கருவி பதித்த பிறகு, தம்பி தங்கைகளுக்கும் இந்த நோய் வருமா என்று பார்ப்பதற்காக மருத்துவர் இவருடைய ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அறிக்கை நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களும் இதயம் சம்பந்தப்பட்டவை. நோய்க்குக் காரணம் என்று அறியப்பட்ட எந்த மரபணு மாற்றமும் இவரிடம் அகப்படவில்லை என்பது அவற்றின் சாரம். இந்த நோய் வந்தவர்களில் கணிசமானோருக்கு அப்படித்தான் ஆகிறது. மரபணுக் கோளாறு என்று சொல்லிப் பணத்தை மறுத்தவர்களிடம், எந்த மரபணுவில் என்ன கோளாறு என்று காட்டுங்கள் என்று கேட்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நான்காம் பக்கம் வேறு கதை. இதயத்துக்காகப் படித்த ரத்தத்திலேயே, கேட்காத இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிற பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம். ஆணான அவருக்கு அதனால் வரும் ஆபத்து குறைவு. ஆனால் அது அநேகமாகத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோதான் அவருக்கு வந்திருக்கும். அப்படியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவருக்கு ஒரு தங்கை உண்டு. வயது 23. வீட்டில் ஜாதகம் எடுத்திருந்தார்கள்.

சோதனைக்கூடம் இதைத் தன்னிச்சையாகச் சொல்லிவிடவில்லை. சோதனைக்கு முன் கொடுத்த ஒப்புதல் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: வேறு முக்கியமான முடிவுகள் தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா? படிவம் முழுக்க ஆங்கிலம். நெஞ்சில் தையல் பிரிக்காத நிலையில், நர்ஸ் விரல் வைத்த இடங்களிலெல்லாம் டிக் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தக் கட்டத்துக்கே ஒரு வரலாறு உண்டு. 2013இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 56 மரபணுக்களைப் பட்டியலிட்டு, எதற்காகச் சோதித்தாலும் இவற்றையும் பார்த்து முடிவைச் சொல்லிவிட வேண்டும், நோயாளியைக் கேட்கத் தேவையில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே, வேண்டாம் என்பவருக்குச் சொல்ல வேண்டாம் என்று மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவு சர்ச்சைக்குப் பிறகு கிடைத்த உரிமை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, யாரும் வாசித்துக் காட்டாத ஒரு கட்டமாக இருந்தது. அதிலும் அது கேட்டது ரத்தம் கொடுத்தவரின் சம்மதத்தை மட்டும். அவர் போட்ட ஒரு டிக் தங்கைக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டது.

நான் முதல் மூன்று பக்கங்களைத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திறமைசாலி. அறிக்கையின் அடியில் ‘பக்கம் 3/4’ என்று அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டார். நான்காம் பக்கத்தையும் கொண்டுவர உத்தரவிடக் கேட்டு இடைக்கால மனு வந்தது. நுகர்வோர் மன்றம் சாதாரண வழக்குகளை எளிமையாக நடத்தும் இடம்தான். ஆனால் ஆவணங்களை வரவழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அதற்கும் உண்டு. மன்றத்தில் குறியிட்ட ஆவணம் கோப்பில் தங்கும். நகல் மனுப் போட்டுப் படியெடுக்க வழி உண்டு. காப்பீட்டு நிறுவனம், அதன் வழக்கறிஞர், இரு அலுவலகத்துக் குமாஸ்தாக்கள் என்று அந்தப் பக்கம் கைமாறும். திருவெறும்பூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்காத தெரு கிடையாது.

அன்று மாலை கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தார். “சார், தங்கச்சிகிட்ட சொல்லிடவா?” என்றார். நான் அவருடைய வழக்கறிஞர். அவர் என்னிடம் கொடுத்த தாளில் இருப்பதை அவர் அனுமதியின்றி இன்னொருவரிடம் சொல்ல எனக்குச் சட்டம் இடம் தராது. அந்த இன்னொருவர் அதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் தங்கையாக இருந்தாலும் சரி. சொல்வதா விடுவதா என்பது அவர் முடிவு. ‘சொல்லாதீர்கள், அவளாகக் கேட்கட்டும்’ என்றால், இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பாள்? ‘தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேளுங்கள்’ என்றால், அந்தக் கேள்வியிலேயே பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நல்ல செய்திக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மரபணுத் தகவலைத் தெரிந்துகொள்ளவும், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று யுனெஸ்கோ 1997இல் பிரகடனம் செய்திருக்கிறது. மருத்துவ ஆய்வுக்கான நம் நாட்டு நெறிமுறைகளும் 2017இல் அதை ஏற்றன. அந்த உரிமையை, அதைக் கெடுக்காமல் ஒருவரிடம் எப்படிக் கொடுப்பது என்று எந்தப் பிரகடனத்திலும் வழி எழுதியிருக்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டுவிட்டார். மறு வாரம் தங்கையே அண்ணனோடு அலுவலகத்துக்கு வந்தார். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியை. நாற்காலி நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பேசினார். “என்னன்னு இப்ப சொல்லாதீங்க சார். எனக்கு எப்பத் தெரியணும்னு தோணுதோ அப்ப அண்ணன்கிட்ட நானே கேட்டுக்கிறேன். ஆனா எனக்கு முன்னாடி கம்பெனிக்காரங்க அதைப் படிச்சா நல்லா இருக்குமா?” என்று கேட்டார். அந்த மனுவுக்கு நான் எழுதிய பதிலுரை நீளமானது. அதன் கருத்து முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில் அடக்கம்.

காலம் எனக்கு உதவியது. 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொல்லியிருந்தது. எதிர்த்தரப்பு அதற்கு எதிராக 1998ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வைத்தது. அது நம் சென்னையில் தொடங்கிய வழக்கு. 1995இல் நோயாளி ஒருவருக்காக ரத்தம் கொடுத்தவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அந்த ரத்தத்தில் தெரிந்தது, செய்தி வெளியே போய், நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றது, ஊர் ஒதுக்கியது. ரகசியத்தை வெளியிட்ட மருத்துவமனை நஷ்டஈடு தர வேண்டும் என்று அவர் கேட்டார். மணமகளாக இருந்த பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ரகசியம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. போகிற போக்கில், அத்தகையவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் எழுதியது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமணம் பற்றிய அந்தக் கருத்துகள் அந்த வழக்குக்குத் தேவையில்லாதவை என்று சொல்ல வேண்டியிருந்தது. உரிமைகளை மோதவிட்டு நீதிமன்றம் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினால், முகம் தெரியாத எத்தனை பேரின் கல்யாணம் அதில் மாட்டிக்கொள்ளும் என்பதற்கு அந்த நான்கு ஆண்டுகள் சாட்சி.

என் வாதம் எளியது. அந்த வழக்கில் தெரிந்துகொள்ள உரிமை உண்டு என்று சொல்லப்பட்டவர், தெரியாமல் போனால் நோய் தொற்றக்கூடிய பெண். இங்கே கேட்பது ஒரு நிறுவனம். நான்காம் பக்கம் தெரியாததால் அதற்கு எந்த நோயும் தொற்றாது. அந்தப் பக்கத்துக்கு உண்மையிலேயே உரியவரோ இப்போது வேண்டாம் என்கிறார். வழக்கு இதயத்தைப் பற்றியது. அந்தப் பக்கத்தில் இதயம் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், தலைவரே பிரித்துப் பார்க்கட்டும் என்று முத்திரையிட்ட உறையில் கொடுத்தேன். மன்றத் தலைவர் உறையைப் பிரித்து வாசித்துவிட்டு, தன் கையாலேயே மீண்டும் ஒட்டினார். இந்த வழக்கின் பிரச்சினைக்குத் தொடர்பற்றது என்று பதிவுசெய்து, உறையைக் கட்சிக்காரரிடமே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வெளியே வந்து, “எனக்கும் பொண்ணு இருக்கு சார்” என்றார். எதிரில் நின்றவர்தான், ஆனாலும் அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

2018 பிப்ரவரி 26 அன்று தயால் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பிரதிபா சிங் தீர்ப்புச் சொன்னார். மரபணுக் கோளாறு என்று பொத்தாம்பொதுவாக விலக்கி வைப்பது பாகுபாடு, சமத்துவத்துக்கு எதிரானது என்றது தீர்ப்பு. இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எதை எடுத்தாலும் பரம்பரையின் கை அதில் இருக்கும். அதையெல்லாம் விலக்கினால் காப்பீட்டில் மிஞ்சுவது என்ன என்பதுதான் அதன் அடிப்படை. நம் ஆட்களுக்கு இது ஏட்டளவிலான விவாதமல்ல. இதயத் தசைப் புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது, பிற்காலத்தில் இதயம் தளரும் வாய்ப்பை அது கூட்டுகிறது என்று 2009இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வெளியான ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்கு முக்கியமானது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் ஒரு நிறைந்த பஸ்ஸில் இரண்டு மூன்று பேராவது அதைச் சுமந்துகொண்டு போவார்கள். அவர்கள் யாரையும் நாம் நோயாளி என்று சொல்வதில்லை.

டெல்லித் தீர்ப்பு திருச்சி மன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டத்தான் முடியும். ஆனால் மார்ச் 19 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டிக் கோரிக்கைகளை மறுக்கக் கூடாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. எங்கள் வழக்கில் நிறுவனம் அடுத்த வாய்தாவிலேயே சமரசத்துக்கு வந்து பணத்தைக் கட்டியது. நகை மீண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லித் தீர்ப்பின் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சில மாதம் தாமதித்திருந்தால் எங்கள் கதி என்னவாகியிருக்குமோ. 2019இல் ஆணையம் வகுத்த பொது விதிகளில் மரபணு நோய்களை விலக்கவே கூடாது என்று எழுதியாகிவிட்டது. வழக்கு என்ற அளவில் முடிந்தது.

முடியாதது அந்த உறை. தெரிந்தவர் தெரியாதவரிடம் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. லண்டனில் ஒரு தந்தைக்கு ஹன்டிங்டன் நோய் உறுதியானது. பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வரும், மருந்தில்லாத நோய். கர்ப்பமாக இருந்த மகளிடம் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். பிள்ளை பிறந்த பிறகு தற்செயலாகத் தெரிந்து, தனக்கும் அந்நோய் இருப்பதை அறிந்த மகள் மருத்துவமனை மேல் வழக்குப் போட்டார். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒருவரின் ரகசியத்தையும் மற்றவரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று நீதிபதி ஒப்புக்கொண்டார். இந்த வழக்கில் அவர்கள் எடுத்த முடிவு தவறல்ல என்று மகளின் கோரிக்கையைத் தள்ளினார். ஹன்டிங்டனை முன்கூட்டி அறிந்தால் தடுக்க வழியில்லை. எங்கள் நான்காம் பக்கம் அப்படியல்ல. அந்த மாற்றம் இருக்கும் பெண்களுக்கு 25 வயதிலிருந்தே ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். முன்கூட்டி அறிந்தால் உயிரைக் காக்க முடியும்.

தங்கைக்கு 2019இல் கல்யாணம் ஆனது. அடுத்த ஆண்டு கணவரோடு வந்தார். உறையைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன், அதற்கு முன் சட்டப்படி கவனிக்க வேண்டியது எதுவும் உண்டா என்று கேட்டார். நான் சொன்ன ஆலோசனை சட்டப்படி சரியானது. மருத்துவருக்கு அது சரியாகப் படாது. காப்பீடு என்பது நம்பிக்கை ஒப்பந்தம். தெரிந்த முக்கியமான விவரத்தை மறைத்தால் பாலிசி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. அறிந்தவர்தான் சொல்லக் கடமைப்பட்டவர். அறியாதவர் மறைக்க முடியாது. ஆகவே, முதலில் பாலிசி எடுங்கள், அண்ணனின் இதய நோயைப் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள், பிறகு உறையைத் திறங்கள் என்றேன். திறந்து சோதனைக்குப் போய், பாலிசி எடுத்த சில மாதத்திலேயே முடிவு வந்தால் கம்பெனி பழைய கதையைத் தோண்டும் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. விலக்குப் பிரிவு போய்விட்டது. ஆனால் மரபணுச் சோதனை முடிவைக் கேட்கக் கூடாது, அதை வைத்துப் பிரீமியத்தை ஏற்றக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் 2008இலேயே அப்படியொரு சட்டம் வந்துவிட்டது.

அவர் காத்திருந்தார். 2022இல் உறையைத் திறந்து, மரபணு ஆலோசகரைப் பார்த்து, தனக்கும் சோதனை செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 28. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அவர் தெரிந்துகொள்ளாமல் இருந்தது அவருடைய முடிவு. கல்யாணம் முடியட்டும், மனம் தயாராகட்டும் என்று அவரே எடுத்தது. அதில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை. அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகள் அவருடைய முடிவல்ல. தெரிந்துகொள்ள விரும்பிய ஒரு பெண்ணை ஒரு விண்ணப்பப் படிவத்தின் கேள்விகள் காக்க வைத்தன. அறிந்தவரைத் தண்டித்து அறியாதவரைக் காக்கும் விதி இருக்கும் வரை, சோதனைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் மருத்துவரின் குரலைவிடக் காப்பீட்டு முகவரின் குரல் உரக்கக் கேட்கும். அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து நான் வருந்தாமல் இருந்ததில்லை.

சோதனை முடிவை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. வழக்கைப் பற்றி எழுத அனுமதி கேட்டபோதும் அவர் உடனே தரவில்லை. தொடர்ந்து 60 மாதம் ஓடிய மருத்துவ பாலிசியை, மோசடி நிரூபணமானால் தவிர, விவரம் சொல்லவில்லை என்று காட்டி எதிர்க்க முடியாது என்று 2024இல் ஆணையம் மாற்றியிருக்கிறது. அதற்கு முன் எட்டு ஆண்டு. அவர் எதையும் மறைத்தவரல்ல. மறைத்ததாக யாரும் சொல்லவும் இல்லை. ஆனாலும் 2025இல் தன் பாலிசி அறுபதாவது மாதத்தைத் தாண்டியதை ரசீதைப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே போன் செய்து, “இனி எழுதுங்க சார்” என்றார்.